'பரிசீலித்து முடிவு செய்யப்பட்டது' என்று கடிதம் வந்தவர்கள் இங்கே வாருங்கள்

ஒற்றைப்பனை:

பட்டா விவகாரம். அப்பா போன பிறகு, கூட்டுப் பட்டாவைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றக் கேட்டு பெரியப்பா மகன் மனு போட்டிருக்கிறான். காதில் விழுந்ததும் தாலுகா அலுவலகத்தில் ஆட்சேபணை மனு கொடுத்தேன். பதில் இல்லை. இரண்டாவது கொடுத்தேன், மூன்றாவதும் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்து, 'தங்கள் மனு பரிசீலித்து முடிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரிக் கடிதம். என்ன முடிவு என்பது அதில் இல்லை. இணையத்தில் பட்டாவை எடுத்துப் பார்த்தால் அவன் பெயர் மட்டும் நிற்கிறது.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டேன். நகல் வேண்டாம், கோப்பையே நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். சட்டத்தின் 2(ஜே) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. ஒரு நாள் வரச் சொன்னார்கள். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். கட்டு நாடாவை அவிழ்த்து என் மடியில் வைத்துவிட்டு அலுவலக ஊழியரம்மா டீ குடிக்கப் போய்விட்டார்.

என் மூன்று மனுக்களும் வரிசையாக இருந்தன. அதற்கு அடுத்த தாளில்: 'மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார். பட்டா மாறுதலுக்குத் தனக்கு ஆட்சேபணை ஏதுமில்லை என முழு மனதுடன் தெரிவித்தார்.' கீழே தேதி. என் கையெழுத்து இல்லை. அந்தத் தேதியில் நான் அந்த ஊரிலேயே இல்லை. தங்கச்சி கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிற போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது.

பொய்யைவிட எனக்கு மறக்காதது அந்த எழுத்து. முத்து முத்தாக, கோடு போட்ட மாதிரி. 'முழு' என்பதில் ழகரத்தின் கடைசிச் சுழியை இழுத்து ஒரு கொக்கி போட்டிருந்தார். அவசரத்தில் எழுதியது இல்லை. ரசித்து எழுதியது.

அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு போட்டிருக்கிறேன். இன்னும் ஓடுகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது?

மொட்டைமாடி:

எங்க வீட்டுக் கதையில வில்லன் அலுவலகம் இல்ல, நான்தான்.

2022. அம்மா பேர்ல வருமான வரிக் கணக்கு நான்தான் போட்டேன். போட்ட கணக்கைச் சரிபார்த்து வரித் துறை அனுப்பற 143(1) அறிவிப்பு வந்துச்சு, 18,340 ரூபாய் கட்டணும்னு. எனக்கு இமெயில் வரல, ஏன்னா பதிவு பண்ணினது அப்பாவோட பழைய இமெயில். அம்மா போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்கு. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கொடுத்து அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பூஜை ரூம்ல முருகன் படத்துக்கு அடியில வச்சுட்டாங்க. 23 நாள். நான் லீவுக்குப் போனப்ப விளக்குத் திரி தேடினேன், அது கைல வந்துச்சு. நாலு மூலையிலயும் குங்குமம்! பதில் சொல்ல 30 நாள் கெடு.

பதட்டத்துல போர்ட்டல்ல போய் 'கோரிக்கை சரி'ங்கிற கட்டத்தை அமுக்கிட்டேன். அப்படிச் செஞ்சா அப்புறம் 'சரியில்லை'ன்னு மாத்த முடியாது. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். கூட்டு டெபாசிட்ல முதல் பேரு அப்பா. பேங்க் வட்டியில முன்கூட்டியே பிடிச்ச வரி (டி.டி.எஸ்.) எல்லாம் இறந்துபோன அப்பாவோட பான் எண்ல போயிருக்கு. அம்மா கணக்குல நான் கழிச்சுக் காட்டினது அவங்க 26ஏ.எஸ்.ல (பிடிச்ச வரி பதிவாகற பட்டியல்) இல்லவே இல்ல. பேங்க் திருத்திய பிறகு வருமான வரிச் சட்டம் 154ஆவது பிரிவுல திருத்த மனு போட்டு சரியாச்சு. அதுக்கு 4 வருஷம் டைம் இருக்குன்னு அப்ப தெரியாது.

அம்மா இப்பவும் முருகன்தான் முடிச்சு வச்சான்னு சொல்றாங்க.

ஓய்வுபெற்றவன்:

முதல் பதிவு போட்ட தம்பிக்கு. வருத்தப்படாமல் படியுங்கள். நான் 31 ஆண்டுகள் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் (உங்கள் தாலுகாவில் அல்ல).

நீங்கள் செய்த முதல் தவறு மூன்று மனு கொடுத்தது. இரண்டாவது, மூன்றாவது மனுவில் முதல் மனுவுக்கு அலுவலகம் போட்ட ந.க. எண்ணைக் குறிப்பிட்டீர்களா? குறிப்பிட்டிருக்க மாட்டீர்கள். மனு உள்ளே போனால் தபால் பிரிவில் ஒரு எண், பிறகு உதவியாளரின் தன்பதிவேட்டில் ஒரு பதிவு. பழைய எண் இல்லாத மனு புது மனுதான். மூன்று எண், சில சமயம் மூன்று மேசை. ஒருவர் முடித்துவிட்டால் மற்ற இருவரும் 'ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டது' என்று கட்டிவிடுவார்கள். இதில் சதி இல்லை. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் காட்ட வேண்டுமே, அதுதான் காரணம்.

ஆகவே பொருள் என்று ஒரு வரி எழுதுங்கள், ஒரே விஷயம். பார்வை என்று அவர்கள் அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் நாளையும் அப்படியே எழுதுங்கள். பிறகு நடந்ததைத் தேதி வரிசையில். கடைசிப் பத்தியில் என்ன வேண்டும் என்பது ஒரே வாக்கியத்தில். 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு' என்று மட்டும் முடிக்காதீர்கள். தக்கது எது என்று முடிவு செய்யும் சௌகரியத்தை எங்களுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். 'இன்ன சர்வே எண்ணில் என்னை விசாரிக்காமல் பட்டா மாறுதல் செய்யக் கூடாது' என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பை எழுதியவருக்குக் கை கொஞ்சம் நடுங்கியிருக்கும்.

மேலே எட்டுப் பேருக்கு நகல் போடுவதும் வேண்டாம். எட்டும் உருண்டு அதே மேசைக்குத்தான் வரும். 'லஞ்சப் பேய்கள்' மாதிரிச் சொற்கள் வேண்டாம். படிக்கிறவர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார், உங்கள் ஆதாரத்துக்கு வர மாட்டார். இணைப்புகளுக்கு எண் போடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பட்டா உரிமை மூலம் அல்ல. பாகத் தகராறு என்றால் ஆர்.டி.ஓ. கடைசியில் சிவில் கோர்ட்டைத்தான் காட்டுவார். அதற்கும் தயாராக இருங்கள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று தேடாதீர்கள். தேடினால் வழக்கு உங்களுக்கும் அந்த எழுத்தருக்கும் என்று ஆகிவிடும், நிலம் ஓரமாய் நிற்கும்.

என் அனுபவமா? பென்சில் எழுத்தில் ஒரு அஞ்சலட்டை வந்தது. முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது என்று ஒரு பாட்டி யாரையோ வைத்து எழுதியது. ஊர்ப் பெயர் இல்லை. 'முகவரி இல்லை' என்று முடித்தேன். அஞ்சலட்டையில் தபால் முத்திரை இருந்திருக்கும், எந்த ஊர் என்று அதைப் பார்த்திருக்கலாம். எட்டு வருடம் கழித்துத்தான் அது தோன்றியது.

மழைக்குருவி:

ஓய்வுபெற்றவன் ஐயா, பொருள், பார்வை எல்லாம் எழுதத் தெரியும். வாங்கினதுக்கு அத்தாட்சி கேட்டா என்ன நடக்கும்னு எழுதலையே நீங்க?

அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். பணிப்பதிவேட்டில் அம்மா பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் தாத்தாவின் முதலெழுத்து. கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தாம விட்டது. இந்த ஒரே ஒரு எழுத்துக்காக பதினொரு மாசம். ஒவ்வொரு தடவையும் 'உங்க கடிதமே வரலையேம்மா'. ஐந்தாவது தடவை நேரில் போய், என் நகலில் சீல் போடுங்கன்னு கேட்டேன். "சீல் எல்லாம் போட மாட்டோம், வச்சுட்டுப் போங்க."

எதிர்த்தாப்புல போஸ்ட் ஆபீஸ். ரோட்டைக் கடந்து, அதே கடிதத்தை அதே அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால் போட்டேன். நடுவுல நாற்பது அடி இருக்குமா? அவ்வளவுதான். மறுநாள் வேற ஒரு சான்றிதழுக்காக அதே ஜன்னல்ல நின்னேன். போஸ்ட்மேன் வந்தார். என் கடிதத்தை எடுத்து நீட்டினார். அந்த மனுஷர் கையெழுத்துப் போட்டார், சீலும் குத்தினார்! நிமிர்ந்தா நான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அவர் காதெல்லாம் சிவந்துபோச்சு. எனக்குச் சிரிப்பு வரல, அழுகைதான் வந்தது.

சரியான முகவரி எழுதி, முழுத் தபால் கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினது, மறுத்து நிரூபிக்காத வரை, சேர்ந்ததாகவே கொள்ளணும்னு 1897ஆம் வருஷத்துப் பொதுப் பிரிவுகள் சட்டம் 27ஆவது பிரிவு சொல்லுது. 'வரலையே' அதோட நின்னுது. 2025ல பதிவுத் தபாலை விரைவுத் தபாலோட சேர்த்துட்டாங்க, அதனால இப்ப அனுப்பறவங்க கவுண்டர்ல பதிவும் ஒப்புகையும் வேணும்னு கேட்டு வாங்குங்க. அப்படியும் பதில் இல்லைன்னா ஆர்.டி.ஐ. போடுங்க, 45 நாளில் பதில் சொல்லியே ஆகணும்.

அரைப்புள்ளி:

மழைக்குருவி அக்கா, 45 இல்லை, 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். 45 என்பது முதல் மேல்முறையீட்டை அவர்கள் முடிக்க வேண்டிய உச்சவரம்பு. அதுவும் 30 தான், காரணம் எழுதி 45 வரை இழுக்கலாம். முதல் மேல்முறையீடு போட நமக்கு 30 நாள், தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது போட 90 நாள். நான் 90ஐ முதலாவதுக்கு என்று நினைத்துக்கொண்டு ஒரு முறை கோட்டைவிட்டேன்.

என் கதை சின்னது. ஒரு சான்றிதழ் மனுவை நிராகரித்தார்கள். கோபத்தில் ஆர்.டி.ஐ.யில் ஆறு கேள்வி. ஆறும் 'ஏன்' என்று ஆரம்பிக்கும். ஆறுக்கும் ஒரே பதில்: 'தாங்கள் கோருவது சட்டப்பிரிவு 2(எஃப்)-இன்படி தகவல் அல்ல.' பொங்கிவிட்டேன். அப்புறம் பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கம் எழுதித் தரக் கடமை இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றமே விடைத்தாள் வழக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறது. அடுத்த முறை, 'என் மனு மீதான அலுவலகக் குறிப்புப் பக்கங்களின் நகல் தருக' என்று ஒரே வரி. வந்தது. அதில் 'வருமானச் சான்று இணைக்கப்படவில்லை' என்று இருந்தது. நான் இணைக்கத்தான் மறந்திருந்தேன்! 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி என் முட்டாள்தனத்தை நானே விலைக்கு வாங்கினேன்.

ஓய்வுபெற்றவன் ஐயாவோடு ஒரே ஒரு சண்டை. கையெழுத்து யாருடையது என்று தேட வேண்டாம் என்கிறீர்கள். விசாரிக்காமலே விசாரித்ததாக எழுதியவரை அப்படியே விட்டால் அடுத்தவருக்கும் அதே முத்து எழுத்துதானே?

ஓய்வுபெற்றவன்:

அரைப்புள்ளி, நீங்கள் இளைஞர். நிலம் கைக்கு வரட்டும், பிறகு புகார் எழுதுங்கள். ஒரே மனுவில் இரண்டையும் கலக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவே. மழைக்குருவி அம்மா, சீல் போட மறுத்தது தவறுதான். நானும் சில முறை மறுத்திருக்கிறேன்.

மொட்டைமாடி:

அம்மா கேக்கறாங்க, அந்த அஞ்சலட்டைப் பாட்டிக்கு அப்புறம் பணம் வந்துச்சான்னு.

ஓய்வுபெற்றவன்:

தெரியாது.

ஒற்றைப்பனை:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னது சரி, இரண்டாவது மனுவில் நான் எந்த எண்ணும் போடவில்லை.

போன வாரம் ஆர்.டி.ஓ. முன்னால் விசாரணை. கல்யாணப் பத்திரிகையையும் ஆல்பத்தையும் கொண்டுபோனேன். அவர் முதலில் பத்திரிகையைப் பார்த்தார், பிறகு என் மனுவின் நகலை, பிறகு அந்தக் குறிப்பை. "உங்களுக்கு விசாரணை அறிவிப்பு தபாலில் வந்ததா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கோப்பில் அனுப்பியதற்கான சீட்டு இருக்கிறதா என்று கிளார்க்கைத் தேடச் சொன்னார். கால் மணி நேரம் புரட்டினார்கள். இல்லை. பழைய உத்தரவை ரத்து செய்து, இரு தரப்பையும் முறையாக அழைத்து மறுபடி விசாரிக்கச் சொல்லித் தாலுகாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். பெரியப்பா மகன் வெளியே வந்து, "ஆல்பத்துல நானும் இருக்கேன்டா" என்றான். இருக்கிறான், எனக்குப் பின்னால் பாயச வாளியோடு. அதனால்தான் அந்த போட்டோவையே கொண்டுபோனேன்.

இன்று காலை தாலுகாவிலிருந்து புது விசாரணை அறிவிப்பு வந்தது, இந்த முறை ஒப்புகை அட்டையோடு. எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு ழ உண்டு. உறையின் மேல் முகவரி முத்து முத்தாக இருந்தது. ழகரத்தில் அதே கொக்கி.

அட்டையில் கையெழுத்துப் போட்டு போஸ்ட்மேனிடம் கொடுத்துவிட்டேன். விசாரணை வருகிற புதன்கிழமை. எழுத்து மூலமான வாக்குமூலம் இரண்டு பிரதி தயார், ந.க. எண் போட்டிருக்கிறேன்.