சங்கு குளிக்கிறவருக்கு டைவ்மாஸ்டர் சான்று: கோர்ஸ் முடித்தால் உறுப்பினர் ஆகிவிடலாமா?

பெரியபட்டினம்_கரை:
தம்பிக்கு வயசு 22. எட்டு பாகம் (சுமார் 14 மீட்டர்) ஆழம் வரைக்கும் தம் கட்டிப் போய்ச் சங்கு எடுக்கிறவன். பாடி (PADI, ஸ்கூபான்னு சொல்ற சிலிண்டர் டைவிங்குக்குச் சான்று தர்ற அமைப்பு) நடத்துற முதல் கோர்ஸான ஓப்பன் வாட்டர் முடிச்சிட்டான், அடுத்து மத்தவங்களைக் கூட்டிட்டு இறங்குற டைவ்மாஸ்டர் ஆகணும்னு ஆசை. இத்தனை வருஷம் குளிச்சது லாக் கணக்கில் (டைவ் பதிவேட்டில்) சேருமா? வேலைக்குக் கேட்ட இடத்தில் 'சான்று மட்டும் போதாது, ஆக்டிவ் மெம்பரா இருக்கணும்'னு சொல்றாங்க. ரெண்டும் வேற வேறயா?

தென்கடல்:
சேராதுங்க. சிலிண்டர் போட்டு இறங்கின டைவ் மட்டும்தான் கணக்கு. டைவ்மாஸ்டர் கோர்ஸில் சேர 40 டைவ், முடிக்கும்போது 60. சேருறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ்ட், ரெஸ்க்யூ கோர்ஸ் ரெண்டும் முடிச்சிருக்கணும். முதலுதவிப் பயிற்சி 24 மாசத்துக்குள் எடுத்ததா இருக்கணும்.

இங்கே ஒரு சிக்கல். அட்வான்ஸ்டில் ஆழ டைவ் 18 மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் நடுவில் போகணும். நம்ம வடகடல் (பாக் விரிகுடா) ரொம்ப ஆழம் குறைவு, அங்கே அதை முடிக்க வழியே இல்லை. தென்கடலில் (மன்னார் வளைகுடா) கரையை விட்டு வெகுதூரம் போகணும், அதுவும் கச்சான் காத்து அடங்கின பிறகுதான். பாண்டிச்சேரியிலோ அந்தமானிலோ முடிச்சிட்டு வர்றது சுலபம். தீவுப் பக்கம் லாக் ஏத்தலாம்னு நினைக்காதீங்க. 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கு, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது.

வடகடல்_டைவர்:
சங்கு குளிக்கிறவங்க தடுமாறுற இடம் மூச்சு. தம் கட்டுறது அவங்களுக்கு உடம்போட ஊறின பழக்கம். சிலிண்டரில் அது உயிருக்கே ஆபத்து. 10 மீட்டரில் இழுத்த காத்து மேலே வரும்போது ரெண்டு மடங்கா விரியும். மூச்சை அடைச்சுக்கிட்டு ஏறினா நுரையீரல் கிழியும். சிலிண்டர் இல்லாமல் தம் கட்டிப் போய் மேலே வந்தால் அப்படிக் கிழியாது, ஏன்னா அந்தக் காத்து தண்ணிக்கு மேலேயே இழுத்தது. இந்த வித்தியாசத்தை அவன் மனசில் பதிய வைங்க. முதல் பத்து டைவிலும் ஏறும்போது குமிழி விட்டுக்கிட்டே வரணும். ஸ்கூபா முடிச்ச அதே நாளில் தம் கட்டிச் சங்குக்கும் இறங்கக்கூடாது.

நீச்சல் சோதனையும் இருக்கு. கண்ணாடியும் துடுப்பும் இல்லாமல் 400 மீட்டர் நிக்காமல் நீந்தணும். 13 நிமிஷம் தாண்டினால் ஐந்தில் ஒரு மார்க்தான். 15 நிமிஷம் மிதக்கணும், கடைசி ரெண்டு நிமிஷம் கை ரெண்டும் தண்ணிக்கு மேலே. நெட்டுக்குத்தாப் போய் வந்தவனுக்குத் தூர நீச்சல் புதுசு, ஒரு மாசம் பழகட்டும். ரொம்பக் கஷ்டமானது கடைசிச் சோதனை: ரெண்டு பேர் தண்ணிக்குள் ஒரே ரெகுலேட்டரில் (வாயில் வைக்கிற மூச்சுக் கருவி) மாத்தி மாத்தி மூச்சு விட்டபடி, உடையும் எடைக்கல்லும் தவிர மத்த எல்லாச் சாமானையும் மாத்திக்கணும். இதில் நம்ம பையன்களுக்குப் பதட்டம் வராது, அது பெரிய பலம்.

தென்கடல்:
உறுப்பினர் விஷயம் இது. கோர்ஸ் முடிஞ்சதும் தானா ஆக முடியாது. இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட்ட டைவ்மாஸ்டர் விண்ணப்பத்தை, உறுப்பினர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கட்டணத்தோட அனுப்பணும். பாடி ஏத்துக்கிட்ட பிறகுதான் எண் வரும், அதுவரைக்கும் டைவ்மாஸ்டர்னு சொல்லி யாரையும் கூட்டிட்டு இறங்கக்கூடாது.

அடுத்து, உறுப்பினர் ஆண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. புதுப்பிக்காமல் விட்டால் படிச்ச தகுதி அழியாது, ஆனால் அந்த ஆண்டில் டைவ்மாஸ்டரா வேலை செய்ய முடியாது. அவங்க கேட்ட ஆக்டிவ் இதுதான். பாடி தளத்தில் 'ப்ரோ செக்'கில் எண்ணைப் போட்டு யாரும் நிலையைப் பார்க்கலாம், வேலை கேக்குற இடத்தில் அதையே காட்டச் சொல்லுங்க.

பெரியபட்டினம்_கரை:
நன்றி. மருத்துவச் சான்று எப்போ எடுக்கணும்? அவனுக்கு ஒரு காது அடைச்சு அடைச்சுத் திறக்குது.

வடகடல்_டைவர்:
அப்படின்னா மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதுதான். டைவ்மாஸ்டருக்கு 12 மாசத்துக்குள் டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் வேணும். செவிப்பறையில் ஓட்டை இருந்தா டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார். பணம் கட்டுறதுக்கு முந்தி காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. 'சங்கு குளிக்கிறான்'னு மறைக்காமல் சொல்லச் சொல்லுங்க. வலியைப் பொறுத்துக்கிட்டு இறங்குறது பழகிப்போயிருக்கும், அதைத் தானா அவன் சொல்ல மாட்டான்.