மறு: டபிள்யூ-2ஜி முதல் கட்டத்துக்கு “கெலிப்பு” சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

போன வாரம் நான் கேட்டது ஒரே ஒரு சொல். அமெரிக்காவில் கேசினோவில் ஜெயித்த பணத்துக்கு டபிள்யூ-2ஜி என்று ஒரு படிவம் தருவார்கள். அதன் முதல் கட்டத்தில் ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகைக்குத் தமிழில் என்ன பெயர்? இங்குள்ள நம்மவர்களுக்காக வரித்தாக்கல் பற்றிச் சின்னதாக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. மடல் எழுதிய எல்லாருக்கும் நன்றி, சேர்த்தே பதில் சொல்கிறேன்.

> “சூதாட்ட லாபம்” என்று எழுதிவிட்டுப் போங்களேன். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். லாபம் என்றால் போட்டது போக மிஞ்சியது. அந்தக் கட்டத்தில் இருப்பது மிஞ்சியது அல்ல. ஸ்லாட் மெஷினில் (காசு போட்டுச் சுழலவிடும் சூதாட்ட இயந்திரம்) ஒரே சுற்றில் 1,200 டாலரோ அதற்கு மேலோ விழுந்தால் 2025 வரை படிவம் வந்தது. 1977இலிருந்து இருந்த வரம்பு அது. 2026 தொடங்கி 2,000 ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் விழுவதற்கு முன்னால் நீங்கள் மெஷினுக்குள் எவ்வளவு விட்டீர்கள் என்று படிவம் கேட்காது. கீனோ என்ற எண் ஆட்டம் என்றால் அந்தச் சீட்டுக்குக் கட்டிய பணயத்தைக் கழித்துக்கொள்வார்கள், போக்கர் போட்டி என்றால் நுழைவுத் தொகையைக் கழிப்பார்கள். ஸ்லாட்டில் அதுவும் கிடையாது.

ஒருவர் வருஷம் முழுக்க ஆடி, படிவங்களில் மொத்தம் 30,000 டாலர் ஜெயித்து, அதே 30,000ஐயும் தோற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். லாபம் சுழி. ஆனால் 1040 என்ற ஆண்டு வருமான வரிப் படிவத்துடன் இணைக்கும் முதல் அட்டவணையில், 8பி என்ற இடத்தில், முழு 30,000உம் வருமானமாக ஏறும். தோற்றது வேறு தாளில், கழிவுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக் காட்டும் ஏ அட்டவணையில் போகும். அதுவும் ஜெயித்த தொகைக்கு மேல் ஒரு காசுகூடக் காட்ட முடியாது. அப்படி வரிசைப்படுத்தாமல் எல்லாருக்கும் பொதுவான நிலைக் கழிவை எடுப்பவராக இருந்தால் அந்த இழப்பை எழுத இடமே இல்லை. இத்தனையும் “லாபம்” என்ற ஒரு சொல்லில் மறைந்துபோகிறது. கையேட்டைப் படிப்பவர், “நமக்குத்தான் லாபமே இல்லையே” என்று 8பி இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் டபிள்யூ-2ஜி படிவத்தின் இன்னொரு படி இருக்கும். அப்புறம் கடிதம் வரும்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் எழவில்லை என்பதையும் கவனியுங்கள். அங்கே கேசினோவில் ஜெயித்ததற்கு 30 சதவீதம், இழப்பைக் கழிக்கவே முடியாது. கழிக்க முடியாத இடத்தில் ஜெயித்ததையும் மிஞ்சியதையும் பிரித்துச் சொல்லும் தேவை வராது. நம் வரித் தமிழில் சொல் இல்லாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

> குறளில் “உருளாயம்” இருக்கிறது. சூதில் வந்த ஆயம், அதாவது வருவாய். இதைவிடப் பொருத்தமாக எங்கே தேடுவீர்கள்?

ஐயா, இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். உருளும் கவறு, அதாவது சூதாடும் காய், கொடுக்கும் ஆயம். ஸ்லாட் மெஷினிலும் ஏதோ உருளத்தான் செய்கிறது. (இப்போது பெரும்பாலும் உருள்வது படம்தான்.) ஆனால் இன்றைக்கு ஆயம் என்றால் ஆயத்தீர்வை, அதாவது வரிப் பக்கத்துச் சொல். “ஆயத்துக்கு எவ்வளவு ஆயம்?” என்று கையேட்டில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. பழைய சொல் அழகாக இருப்பது மட்டும் போதாது, அது இப்போது வேறு வேலையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

“வெற்றித்தொகை” மோசமில்லை. ஆனால் பரிசளிப்பு விழா வாசம் அடிக்கிறது. அதனால்தான் கெலிப்பு. கெலிப்பது என்பது ஆட்டத்தில் ஜெயிப்பது. ஒவ்வொரு கெலிப்பும் தனித்தனி, கூட்டிக் கழித்த கணக்கு அதில் ஒட்டியிருக்காது. “இந்த வருஷம் மூன்று கெலிப்பு, மொத்தத்தில் நஷ்டம்” என்று சொன்னால் முரணாகத் தோன்றவில்லை அல்லவா? லாபத்தை வைத்து அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். படிவத்தைக் “கெலிப்புச் சீட்டு” என்றும் முதல் கட்டத்தை “அறிவிக்க வேண்டிய கெலிப்பு” என்றும் வைத்துவிடலாம்.

> கெலிப்பு தெலுங்கு அல்லவா?

தெலுங்கில் கெலுப்பு, கன்னடத்தில் கெலுவு, சென்னையில் “கெலிச்சிட்டான்”. பங்காளி வீட்டிலும் இருக்கும் பாத்திரம் நம் வீட்டில் இருந்தால் திருட்டு ஆகிவிடாது.

> “சீட்டு” வேண்டாம். சீட்டு வந்தால்தான் வரி என்று எண்ணிவிடுவார்கள்.

இது நல்ல மறுப்பு. பிளாக்ஜாக், ரூலெட் மேசைகளில் எவ்வளவு ஜெயித்தாலும் டபிள்யூ-2ஜி வராது, வரி மட்டும் உண்டு. ஆனால் அதைச் சொல்லால் தீர்க்க முடியாது, ஒரு வாக்கியம் எழுதித்தான் தீர்க்க வேண்டும். சீட்டு இருக்கட்டும்.

அடுத்து, மெஷின் தானாகக் கொடுக்காமல் ஊழியர் வந்து கையில் பணம் தருவது. இதற்குச் சொல் தேட வைத்தது எங்கள் பெரியம்மா. 2023இல் மதுரையிலிருந்து வந்திருந்தபோது லாஸ் வேகஸ் கூட்டிப்போனோம். ஒரு மெஷினில் 1,400 டாலர் விழுந்தது. மெஷின் பூட்டிக்கொண்டது, உச்சியில் விளக்கு சுழன்றது, ஒரே இசை. “நான் ஒண்ணும் பண்ணலப்பா, தானா நின்னுடுச்சு” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். ஊழியர் வந்து பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப்போய், கொஞ்ச நேரத்தில் 980 டாலரை எண்ணிக் கொடுத்தார். 420ஐக் காணோம். அமெரிக்கவாசி என்றால் ஸ்லாட்டில் அந்தத் தொகைக்கு அப்போது படிவம் மட்டும்தான்; வரி எண்ணைக் கொடுக்காவிட்டால்தான் 24 சதவீதம் பிடிப்பார்கள். விருந்தாளியாக வந்த வெளிநாட்டவருக்கு 30 சதவீதப் பிடித்தம், படிவமும் வேறு, 1042-எஸ். அவர் அதற்கு முன் மெஷினில் விட்ட பணத்தைக் கழிக்க வழியில்லை. கனடாவில் குடியிருந்தால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி கழிக்கலாம், இந்தியாவுக்கு அப்படி இல்லை. இதே அம்மா பக்கத்து ரூலெட் மேசையில் ஜெயித்திருந்தால் வெளிநாட்டவர் என்ற முறையில் ஒரு காசு பிடித்திருக்க மாட்டார்கள். அவருக்கு இன்றுவரை அது விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் நியாயம் விளங்கவில்லை, விதி மட்டும் தெரியும்.

அந்த 980ஐ எண்ணிக் கொடுத்ததற்கு “கைப்பட்டுவாடா” என்று வைத்தேன். தேர்தல் நினைவு வருகிறது என்று இருவர் எழுதினீர்கள். வரட்டுமே, ஆள் வந்து கையில் வைக்கும் பணம் என்பது உடனே புரிகிறது. “நேர்க்கையளிப்பு” என்றால் எதையோ அரசிடம் ஒப்படைப்பதுபோல் இருக்கிறது.

இனி “அமர்வு”. ஸ்லாட் ஆட்டத்தை ஒவ்வொரு சுற்றாகக் கணக்கிடாமல், உட்கார்ந்து எழும் வரை ஒன்றாக எடுத்து ஜெயித்ததா தோற்றதா என்று பார்க்கும் முறை உண்டு. ஐ.ஆர்.எஸ். 2015இல் வெளியிட்ட ஒரு முன்மொழிவில், அந்த நாள் முடிவதோடு அமர்வும் முடிகிறது. அமர்வு என்றால் எனக்கு நீதிபதிகள் தெரிகிறார்கள். “ஆட்டவேளை” என்கிறேன். சாப்பாட்டைப்போல ஒரு வேளை, இரு வேளை. நாள் தாண்டினால் அது அடுத்த வேளை. ஆடுபவர் நாட்குறிப்பில் தேதி, இடம், ஆட்டம், ஜெயித்தது, தோற்றது என்று எழுதிவைக்கச் சொல்கிறார்களே, அதற்கும் “வேளைக் குறிப்பு” பொருந்தும்.

கடைசியாக ஒன்று, இதைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2025இல் வந்த சட்டப்படி, 2026 முதல் இழப்பில் 90 சதவீதம்தான் கழிக்கலாம். மேலே சொன்ன 30,000க்கு 30,000 ஆள், கழிவுகளை வரிசையாகக் காட்டுபவராக இருந்தாலும், இனி 27,000தான் கழிப்பார். வராத 3,000க்கு வரி கட்டுவார். ஆங்கிலத்தில் இதற்குப் பேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். “பேய் வருமானம்” என்றால் நம்மவர்கள் ஏராளமான வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள், பேய் மழை மாதிரி. “கானல் வருமானம்” எப்படி? தூரத்தில் தெரியும், கிட்டே போனால் இருக்காது, ஆனால் படிவத்தில் மட்டும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. கானலுக்கு மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். கெலிப்புக்கு இனி மறுப்பு எழுதுபவர்கள் மாற்றுச் சொல்லையும் சேர்த்து அனுப்பவும்.