வீல்சேரில் அம்மாவுக்கு மான் காட்ட வழி வேணும்

தண்டையார்பேட்டையில இருக்கோம். பக்கவாதத்துக்கு அப்புறம் அம்மா வீல்சேர்லதான். கூண்டுக்குள்ள இல்லாம, சும்மா திரியுற மானைப் பார்க்கணும்னு ஆசை.

போன மாசம் மெட்ரோவுல கிண்டி போனோம். ஒரே வண்டி, லிப்ட் இருக்கு, சிரமமில்லை. சிறுவர் பூங்காவுல மான் எல்லாம் வேலிக்குள்ள. தேசியப் பூங்கா காட்டுக்குள்ள அனுமதியில்லாம போக முடியாது. பக்கத்துல ஒரு வளாகத்துல மான் திரியுதாம், வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான் காதை மட்டும் திருப்பி நின்னுச்சு. அம்மா வலது கையைத் தூக்கிக் கூப்பிட்டாங்க. அசையாத கைங்க அது!

வண்டலூர் பார்த்தாச்சு, அங்கயும் அடைப்புதான். கோடியக்கரை ஒரே நாள்ல போய்வர முடியாது.

கிண்டி காட்டுக்குள்ள வீல்சேரோட போக அனுமதி யார்கிட்ட, எப்படிக் கேட்கணும்?