அப்பாவின் இசைத்தட்டுகள்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேத்திக்காரி:
குன்னூர் வீட்டைக் காலி செய்கிறோம். அப்பா சேர்த்த இசைத்தட்டுகள் இரண்டு இரும்புப் பெட்டி நிறைய இருக்கின்றன. பாதி பழைய அரக்குத் தட்டு, மீதி வினைல் பிளாஸ்டிக்கில் வந்த எல்.பி. என்ற பெரிய தட்டும் ஈ.பி. என்ற சின்னத் தட்டும். கோயம்புத்தூரிலிருந்து பழைய சாமான் வாங்குகிறவர் வந்து மொத்தமாக விலை பேசியிருக்கிறார். கொடுத்துவிடலாம் என்கிறேன் நான். பாட்டெல்லாம் போனில் இருக்கிறது, உறைகளில் பூஞ்சை ஏறிவிட்டது. தம்பி கூடவே கூடாது என்கிறான். இங்கே கடைகளில் தட்டு வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

மைக்செட் மாமா:
கொடுக்காதே அம்மா. 1960களின் கடைசியில் ஊட்டியில் நான் தட்டு வாங்கியது ரேடியோ பழுது பார்க்கிற கடையின் ஒரு மூலையில். கடைக்காரர் தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து, பல்பு வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுவார். கீறல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் ஒரு பக்கம் போட்டுக் காட்டுவார். வெளியே மழை, உள்ளே ஸ்வெட்டரோடு நாலு பேர் ஒதுங்கி நிற்போம். வாங்குவது ஒருவர், கேட்பது எல்லாரும். ஹட்டியில், அதாவது படகர் ஊரில், கல்யாணம் என்றால் அந்தத் தட்டுகளைத்தான் சுமந்துகொண்டு போவேன். ஒரு தடவை கட்டபெட்டு வளைவில் ஜீப் குலுங்கி மூன்று அரக்குத் தட்டு அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் மனசு கேட்காது.

பழைய முள்:
மாமா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த ஈரத்தில் தட்டை வைத்திருப்பது அதற்குச் செய்கிற கெடுதல். கோத்தகிரியில் ஒரு வீட்டில் விறகுக்கொட்டகையில் எழுபது, எண்பது எல்.பி. கிடந்ததைப் பார்த்தேன். உறை தட்டோடு ஒட்டி, பிரித்தால் லேபிளும் சேர்ந்து வந்தது. நினைவு என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் அதை அழியவிட்டார்கள். வியாபாரி எடுத்துப் போனால் கேட்கிறவர் கைக்காவது போய்ச் சேரும்.

மஞ்சூர்த் தம்பி:
அண்ணா, கொட்டகையில் போட்டது மலையின் குற்றமா? வினைலுக்குப் பெரிய எதிரி சூடு. கீழே வெயிலில் காருக்குள் விட்டால் போதும், தட்டு வளைந்துவிடும். நம் குளிரில் அந்தப் பயமே இல்லை. பூஞ்சையைத் துடைக்கலாம், வளைந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. அக்கா, போனில் இருக்கிறது என்கிறீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்த அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடந்தான் கொள்ளும். படத்தில் நீளமாக வரும் பாட்டைச் சுருக்கியோ, இரண்டு பக்கமாகப் பிரித்தோ பதிந்தார்கள். அதே வடிவம் போனிலும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

பழைய முள்:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். தட்டில்தான் ஒலி உயர்வு என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வீடுகளில் இருந்த ஃபியஸ்டா மாதிரி ரெக்கார்டு பிளேயர் பெட்டிகளின் முள் கனமானது. அதில் நூறு தடவை ஓடிய எல்.பி.யில் பள்ளம் தேய்ந்திருக்கும்.

கேசட் குமார்:
நான் 1980களில் குன்னூரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தவன். எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா தட்டு ஒன்று கடைக்கு வந்தால் ஊருக்கே போதும். தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், 60 நிமிட டிடிகே கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். கடைசி இரண்டு நிமிடத்தில் எந்தப் பாட்டு அடங்கும் என்று யோசிப்பதே தனி வேலை. தட்டு கைமாறினால்தான் உயிரோடு இருக்கும். கணினியில் ஏற்றிவிட்டு விற்றுவிடுங்கள்.

கேத்திக்காரி:
நேற்று ராத்திரி பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உறைகளின் பின்புறம் அப்பா பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டிருக்கிறார். நாலு நிற்கும் கோடு, அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு. எத்தனை தடவை ஓடியது என்று கணக்கு, முள் மாற்றுவதற்காக. முக்கால்வாசியில் பத்து, இருபதுதான். ஒரு ஈ.பி.யில் மட்டும் இடமில்லாமல் உறையின் ஓரம் வரைக்கும் கோடு. அம்மா சமையலறையிலிருந்து "அதைப் போடுங்க" என்று கேட்கிற பாட்டு அது. அந்தப் பெட்டியைக் கொடுக்கப் போவதில்லை. இன்னொன்றைக் கொடுக்கிறேன்.

பழைய முள்:
பிரித்துக் கொடுத்தால் விலை விழும் அம்மா. நான் இப்போதும் மொத்தமாகக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மைக்செட் மாமா:
விழட்டும். ஒரு விஷயம் அம்மா, பூஞ்சையைத் துடைக்கிறேன் என்று அரக்குத் தட்டில் ஸ்பிரிட் வைத்துவிடாதே, அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெத்தென்ற துணி, பள்ளம் போகிற போக்கிலேயே துடைக்க வேண்டும். லேபிள் நனையக் கூடாது. உலர்ந்ததும் புதுக் காகித உறையில் போட்டு நிற்க வை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதே. என்னிடம் ஓடுகிற பிளேயரும் புது முள்ளும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். வியாபாரி வருவதற்குள் அந்த ஈ.பி.யைப் போட்டுவிடலாம். இன்னொரு கோட்டுக்கு உறையில் இடம் இருக்கிறதா பார்த்து வை.