ரோ-110ஐ மூழ்கடித்தது யார்? ஜம்னா ஸ்லூப்பின் பங்கு பற்றி

நங்கூரம்:
1944 பிப்ரவரி 11. கொழும்பிலிருந்து கல்கத்தா போன ஜேசி-36 கான்வாய் (போர்க்கப்பல் காவலோடு செல்லும் சரக்குக் கப்பல் கூட்டம்) விசாகப்பட்டினத்துக்கு அப்பால் இருந்தபோது, ஆஸ்ஃபாலியன் என்ற சரக்குக் கப்பல் டார்பிடோ பட்டு சேதமானது. அதைத் தாக்கிய ரோ-110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை முதலில் ஆஸ்டிக்கில் (ஒலியை அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கியைக் கண்டறியும் கருவி) பிடித்தது, அன்றைய இந்தியக் கடற்படையின் காவல் போர்க்கப்பலான (ஸ்லூப்) ஜம்னா. முதல் டெப்த் சார்ஜும் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டு) ஜம்னாவுடையதுதான். ரோ-110 பக்கத்தில், பின்னால் வந்து தாக்கிய லான்செஸ்டன், இப்ஸ்விச் என்ற ஆஸ்திரேலிய கார்வெட்டுகளுக்கும் (சிறிய காவல் போர்க்கப்பல்கள்) சமபங்கு எழுதுவது அநியாயம்.

ஆழமானி:
முதலில் பிடித்தவர்தான் கொன்றவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கணக்கைப் பாருங்கள். கப்பல் நெருங்கும்போது கடைசி 180 மீட்டர் வாக்கில் எதிரொலி அறுந்துபோகும். 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 23 விநாடி. குண்டு விநாடிக்கு 3 மீட்டர்தான் இறங்கும். 30 மீட்டர் ஆழத்துக்கு இன்னும் 10 விநாடி. இந்த 33 விநாடியில் 6 நாட்டில் ஓடும் நீர்மூழ்கி 100 மீட்டர் நகர்ந்துவிடும். குண்டு உடலைப் பிளக்க வேண்டுமென்றால் ஆறேழு மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். முதல் அடியிலேயே முடிந்தது என்பது நம்பிக்கை, ஆதாரம் அல்ல.

நங்கூரம்:
உங்கள் கணக்கு எனக்கும் உதவும் ஐயா. முதல் தாக்குதலில் தண்ணீர் கலங்காமல் இருக்கும், எதிரொலி சுத்தமாக வரும். அடுத்தடுத்து வருபவர்களுக்குக் குமிழியும் கலங்கலுமே எதிரொலிக்கும். ரோ-110க்குப் பாதுகாப்பான ஆழமே 75 மீட்டர்; ஆழத்தில் போய் ஒளியவும் வழியில்லை.

ஆழமானி:
அது சரிதான். கலங்கல் அடங்கச் சில நிமிடம் ஆகும், ஆகவே முதல் தாக்குதலுக்கு மதிப்பு அதிகம். ஆனால் அடிபட்ட நீர்மூழ்கியை விட்டுவிட்டால் நழுவிப்போகும். மேலே வரும் எண்ணெய் எந்தக் கப்பலின் குண்டால் வந்தது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. எண்ணெய்த் தொட்டி மட்டும் கிழிந்தாலும் அதே படலம்தான். மூன்று கப்பலும் தொடர்ந்து அடித்ததால்தான் அது திரும்பவில்லை. பங்கைப் பிரிக்காமல் எழுதுவதே நேர்மை.

கரைக்காற்று:
இடையில் ஒரு திருத்தம். ஜம்னா 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போனது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். தவறு. ஜம்னாவையும் சேர்த்து இந்தியக் கடற்படையிடம் இருந்த ஆறு பிளாக் ஸ்வான் வகை ஸ்லூப்புகளில் நர்மதா, கோதாவரி இரண்டுதான் அங்கே போயின. ஜீலம், சிந்து என்று பெயர் மாறி 1959-இல் உடைக்கப்பட்டன. ஜம்னா இங்கேயே இருந்து ஜமுனா ஆனது.

நங்கூரம்:
ஆகி என்ன? சிசிலிப் படையிறக்கத்தில் நின்ற கப்பலை 1957-இல் நில அளவைக்காரன் போல கடல் அளக்க விட்டார்கள்.

கரைக்காற்று:
அதில் இழிவு எங்கே வந்தது? நீரளவைக்குத் தேவை குறைந்த ஆழத்திலும் மிதக்கும் உடல், நெடுநேரம் கரையோரம் மெதுவாக ஓடும் இயந்திரம், அளவைப் படகுகளுக்கு மேல்தளத்தில் இடம். நான்கு அங்குல இரட்டைப் பீரங்கிகளை இறக்கினால் அந்த இடம் கிடைத்துவிடும். 1941-இல் டம்பார்டனில் டென்னி பட்டறை முடித்துத் தந்த உடல் 1980 வரை உழைத்தது. உடன்பிறந்த இரண்டும் அதற்கு இருபது ஆண்டு முன்பே இரும்பாகிவிட்டன.

இன்னொன்று, 1991-இல் சேர்ந்த ஜமுனாவும் அளவைக் கப்பல்தான். இரண்டையும் குழப்பி எழுதாதீர்கள்.

ஆழமானி:
அந்தப் பெயரை மறுபடி அளவைக் கப்பலுக்கே வைத்தார்கள் பாருங்கள். நங்கூரம், ரோ-110 பக்கத்தில் மூன்று பெயரையும் போட்டு, ஜம்னாவை முதலில் எழுதுவோம். சம்மதமா?

நங்கூரம்:
முதல் தொடர்பும் முதல் தாக்குதலும் ஜம்னாவுடையது என்ற வரியும் இருந்தால் சம்மதம்.