டெல்லி தேசிய அருங்காட்சியகம்: அரை நாளில் எவற்றைப் பார்ப்பது?

வைகறை எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் டெல்லி செல்லும்போது, ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்திற்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும், நெடுநேரம் நிற்க இயலாத என் அம்மாவும் உடன் வருகிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட இடம் என்கிறார்கள். எங்கே தொடங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று, பார்த்தவர்கள் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பானையோடு எழுதியது:

தரைத்தளத்து ஹரப்பா கூடத்தில் தொடங்குங்கள். 1926இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த நடன மங்கையின் உயரம் வெறும் 10.5 செ.மீ. தான், பாடநூல் படத்தைப் பார்த்துப் பெரிய சிலையை எதிர்பார்த்து வருபவர்கள் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுவதுண்டு. இடக்கையில் தோள்முதல் மணிக்கட்டுவரை அடுக்கடுக்காக வளையல்கள். இடுப்பில் ஊன்றிய வலக்கையிலோ நான்கே நான்கு. மகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். மொகஞ்சதாரோ கழுத்தணி ஒன்றையும் தேடுங்கள். பிரிவினையின்போது அதையும் இரண்டாகப் பிரித்து, பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கூடத்திலேயே அதிகம் உறுத்திய பொருள் அதுதான்.

தென்கரை எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தமிழர்கள் செப்புத் திருமேனிகளைப் பார்க்காமல் திரும்பலாமா? சோழர் காலத் திருமேனிகளுள் புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளத்திலிருந்து வந்த ஆடவல்லானை, அதாவது நடராசரை, அவசியம் பாருங்கள். நாம் வழக்கமாகக் காணும் வடிவத்தைப்போல இடக்காலைக் குறுக்கே தூக்காமல், இரு முழங்கால்களையும் மடித்து ஆடும் சதுர தாண்டவக் கோலம் அது. இந்த அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த சி. சிவராமமூர்த்தி, நடராசரைப் பற்றி ஒரு பெரும் நூலே எழுதியவர் என்பதையும் அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம். நாணயங்களையும் ஆயுதங்களையும் நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

மணல்வழி எழுதியது:

நாணயங்களை விடுங்கள், மத்திய ஆசியப் பிரிவை விட்டுவிடாதீர்கள். 1900க்கும் 1916க்கும் இடையே மூன்று பயணங்களில் ஆரல் ஸ்டைன் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே திரட்டியவற்றில் ஒரு பகுதி லண்டனுக்கும் மறுபகுதி டெல்லிக்கும் வந்தது. வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் அடைபட்டிருந்த பட்டுத்துணி ஓவியங்கள் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் நிறம் தாங்கியிருப்பதற்குப் பாலைவனத்தின் வறட்சியே காரணம். அவை வெளிச்சத்தில் மங்கக்கூடியவை என்பதால் அத்தகைய கூடங்களில் விளக்குகளைக் குறைத்தே வைப்பார்கள். கண் பழகச் சற்று நேரம் கொடுங்கள்.

வைகறை எழுதியது:

மூவருக்கும் நன்றி. மாடி ஏறுவதுதான் அம்மாவுக்குச் சிரமம். அவருக்காகத் தரைத்தளத்தோடு நிறுத்திக்கொள்ள நேருமோ?

பானையோடு எழுதியது:

தேவையில்லை. லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலி வேண்டுமென்று நுழைவாயிலிலேயே கேளுங்கள். நடுமுற்றத்தைச் சுற்றி வட்டமாகக் கட்டிய கட்டடம் என்பதால், ஒரு தளத்தைச் சுற்றினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். அம்மா உட்கார்ந்திருக்க, நீங்களும் மகளும் ஒரு சுற்று போய்வரவும் இது வசதி. திங்கட்கிழமை விடுமுறை. சீட்டு வாங்கும்போதே அன்று எந்தக் கூடங்கள் திறந்திருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு வரிசையை முடிவு செய்யுங்கள். வெளியே கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் தென்னாட்டு மரத்தேரைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் படியேற வேண்டியதில்லை.