மணிவிழா – திருக்கடையூர் (குடும்பக் குழு)

உமா அத்தை: ஹோமம், அபிஷேகம் எல்லாம் 10 மணிக்குள்ள முடிஞ்சிடும். வேன் சாயங்காலம் வரை நம்மகிட்டதான். பூம்புகாரா தரங்கம்பாடியா? டிரைவர் கேக்கிறார்.

கார்த்தி: பூம்புகார்

பிரியா: தரங்கம்பாடி. பக்கம். பாட்டியால ரொம்ப நேரம் உட்கார முடியாது

சேகர் மாமா: தரங்கம்பாடிதான். ஆனா கோட்டை வாசல்ல போட்டோ எடுத்துட்டு திரும்பக் கூடாது. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரங்களுக்குக் கொடுத்த இடம். அவங்களுக்கு மிளகும் துணியும் வேணும்.

பிரியா: துறைமுகம் எங்க மாமா? வெறும் மணல்தானே இருக்கு

சேகர் மாமா: அதான் விஷயமே. கப்பல் நுழையற முகத்துவாரம் அங்க கிடையாது. கப்பல் ஆழத்துல நங்கூரம் போடும். சரக்கை மசுலாப் படகுல ஏத்தி அலையைத் தாண்டணும். அந்தப் படகுல ஆணியே இருக்காது, பலகையைக் கயித்தால தைச்சிருப்பாங்க. ஆணி அடிச்சா கரையில மோதறப்ப பலகை பிளந்துடும். தைச்சது வளைஞ்சு கொடுக்கும். ஐப்பசி வந்தா அதுவும் நடக்காது, கப்பலெல்லாம் கிளம்பிடும்.

ராஜி சித்தி: ரூம் யார் போடறது? சுபா கல்யாணம் மாதிரி எனக்கு மூணாவது மாடி வேண்டாம்

உமா அத்தை: அன்னிக்கு ரூம் போட்டது நான் இல்ல ராஜி

ராஜி சித்தி: நான் யாரையும் சொல்லல அண்ணி

பெரியப்பா: விடுங்கம்மா

கார்த்தி: துறைமுகமே இல்லாம எப்படி மாமா பெரிய ஊர் ஆச்சு

சேகர் மாமா: அடுத்தவங்க சண்டையால. இங்கிலீஷ், பிரெஞ்சு, டச்சுக்காரங்க மோதிக்கிட்டப்ப டென்மார்க் நடுநிலை. அந்தக் கொடி பறந்தா சரக்கு பத்திரம். இங்கிலீஷ் கம்பெனி ஆளுங்களே இங்க சம்பாதிச்ச பணத்தை டேனிஷ் கப்பல் வழியா ஊருக்கு அனுப்பினாங்க. நகர வாசல்ல 1792னு இருக்கும், பாருங்க. நல்லா இருந்த காலம். அப்புறம் டென்மார்க்கும் சண்டையில மாட்டிக்கிச்சு. 1808-ல இங்கிலீஷ்காரங்க ஊரைப் பிடிச்சு 1815-லதான் திருப்பிக் கொடுத்தாங்க. வியாபாரம் திரும்பல. 1845-ல டேனிஷ்காரங்க, வங்காளத்துல இருந்த அவங்களோட இன்னொரு ஊர் செராம்பூரோட சேர்த்து, இங்கிலீஷ் கம்பெனிக்கு 12.5 லட்ச ரூபாய்க்கு வித்துட்டாங்க.

உமா அத்தை: என்னங்க, டிரைவருக்கு என்ன சொல்ல

சேகர் மாமா: ஒரு நிமிஷம் உமா. கடல்தான் ஊரை அழிச்சுதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அது தப்பு. கடல் எடுத்தது மாசிலாமணிநாதர் கோயிலோட முன்பக்கத்தை. 1306-ல குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். ஊரோட பிழைப்பை எடுத்தது நாகப்பட்டினம். அங்க முகத்துவாரம் இருக்கு, 1861-ல தஞ்சாவூருக்கு ரயிலும் வந்துடுச்சு. தரங்கம்பாடியில இருந்த கலெக்டர் ஆபீசும் 1860-லயே தஞ்சாவூர் போயாச்சு.

பிரியா: கோயில் இப்பவும் பாக்கலாமா?

சேகர் மாமா: பாக்கலாம், கோட்டைக்குப் பக்கத்துலயே. வேனை நகர வாசல்ல விட்டுட்டு நேர்த் தெருவுல நடந்தா கோட்டை.

பெரியப்பா: மாப்பிள்ளை, 11 மணி வெயில்ல அம்மா எப்படி நடப்பாங்க?

சேகர் மாமா: 4 மணிக்குப் போகலாம் மச்சான்

உமா அத்தை: 5 மணிக்கு வேன் திரும்பக் கொடுக்கணும்!

கார்த்தி: அப்ப பூம்புகார்?

ராஜி சித்தி: கீழ் ரூம் ஒண்ணு எனக்கு. யாராவது எழுதி வைங்க